தெருக்குத்து வீடு

ஒரு வாரமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறக்கிறேன், எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடுகிறேன். காபியைப் போட்டு எங்கோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறேன். வயசானால் அப்படித்தான் என்று சொல்ல வருவீர்கள். உங்களுக்கும் என் வயதுதான்; உங்கள் முட்டிவலியைப் பற்றி நான் ஏதாவது சொன்னேனா? இது வயசுக் கோளாறு இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுவசதிச் சங்கத்தின் கூட்டம். எங்கள் வீடுகள் நிற்கிற நிலம் எங்களுடையது அல்ல. அந்தக் காலத்தில் நகராட்சி அதைச் சங்கத்துக்கு நீண்ட குத்தகைக்கு விட்டது. அந்தக் குத்தகையை இப்போது மறுபடி புதுப்பிக்க வேண்டும்.

சங்கத்தின் இப்போதைய செயலாளர் என் மகன் வயதுப் பையன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய இரும்புப் பட்டறை ஒன்றை இடித்துவிட்டு எழுப்பிய கண்ணாடிக் கட்டடத்தில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன், ஆனால் எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொல்வான். கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். "உங்க அம்மா பயமே இல்லாத லேடின்னு எல்லாரும் சொல்றாங்க ஆன்ட்டி, அதைப் பத்திப் பேசுங்க" என்றான். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்துதான் இந்தத் தவிப்பு. அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் சிலர் என்னோடு மணல் சுமந்தவர்கள். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், கடைசியில் கதவு சரியாக மூடாத கக்கூஸ். வீட்டுக்கார அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்குச் சுவர்கள் மேல் தாளாத பாசம். ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் வீட்டுக் காலண்டர் டிரங்குப் பெட்டியின் மேல் படுத்தே கிடக்கும். தேதி பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். ஒரு தடவை அம்மா மாவுச் சல்லடையை மாட்ட ஒரு சின்ன ஆணி அடித்துவிட்டாள். வீட்டுக்கார அம்மா வந்து, ஒன்றும் சொல்லாமல், ஆணியைப் பிடுங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அம்மா அந்த ஆணியைச் சுருக்குப் பையில் போட்டு வைத்துக்கொண்டாள். "ஒரு நாளு இத்த யாரையும் கேக்காம அடிப்பேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே லட்சியம் அதுதான்.

அப்பா எஸ்டேட்டில் ஒரு சின்ன தொழிற்சாலையில் தகடு வெட்டுகிற பிரஸ் ஓட்டினார். அந்த வருடக் கோடையில் அவருடைய வலது கை விரல்களைப் பிரஸ் எடுத்துக்கொண்டது. முதலாளி அவரைக் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார். அந்தப் பகுதியில் விரல் போன ஆட்கள் நிறைய. அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அப்பா மட்டும் கையைத் துண்டுக்குள் வைத்தே நடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சங்கம் வந்தது. தலைவர் எங்கள் அப்பாவின் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. நேர்மையான மனிதர், அதனாலேயே கொஞ்சம் எரிச்சலூட்டுகிறவர். எஸ்டேட் தொழிலாளர்கள் சேர்ந்து சங்கம் வைத்தால், திருவேற்காடு போகிற வழியில் ஏரிக்கால்வாய் ஓரம் கிடக்கிற நகராட்சி நிலத்தைக் குத்தகைக்குத் தருவார்களாம். நிலத்தை விற்க முடியாது, வீட்டை வெளியாளுக்குக் கொடுக்க முடியாது, சங்கத்துக்குள்ளேயேதான் கைமாறும். கட்டுகிற வேலையை நாமே செய்தால் நம்மால் கட்டிவிட முடியும் என்று அவர் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார். குத்தகை நிலத்தில் வீடு கட்டுகிறவன் மடையன் என்று பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு போய், இடது கட்டைவிரலைப் பிடித்துக் கைநாட்டு வைக்கச் சொல்லி உறுப்பினர் ஆக்கினாள்.

தலைவர் வைத்த விதி ஒன்று உண்டு. இன்றைக்கும் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். எந்த வீடு யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் சேர்ந்து எல்லா வீட்டையும் கட்ட வேண்டும். கூரை ஏறின பிறகுதான் சீட்டு எடுப்பது. அப்போதுதான் எவனும் தன் வீட்டுச் சுவரை மட்டும் நேராகக் கட்டமாட்டான் என்பது அவர் கணக்கு. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன் ஒரு வீட்டைத்தான் சொன்னான். நாங்கள் ஒரு தெருவையே கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவோம். பூந்தமல்லிப் பக்கத்துச் சூளையிலிருந்து செங்கல் லாரி வரும்; கல் இறக்கும்போது கையில் இன்னும் சூடு தெரியும். ஈரச் சிமெண்டு வாசனையும், பெரிய அண்டாவில் கிண்டிய புளிச்சோற்று வாசனையும், கால்வாய்ச் சேற்று நாற்றமும் சேர்ந்த ஒரு வாசனை அந்த இடத்துக்கு இருந்தது. எங்கே புது வீடு கட்டினாலும் அதில் பாதி எனக்கு இப்போதும் வந்துவிடும், புளிச்சோறுதான் வராது. பிள்ளைகளுக்கு வளைந்த ஆணிகளைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. என் இடது கட்டைவிரல் நகம் இன்றைக்கும் கோணல்தான், பார்த்திருப்பீர்கள்.

அப்பாவால் கொத்தனார் கரணை பிடிக்க முடியாது. அவர் இடது கையில் குடத்தை எடுத்துக்கொண்டு கட்டின சுவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சுற்றுவார். அவருக்குப் பதிலாக அம்மா கலவைச் சட்டி சுமந்தாள். அங்கேதான் வந்தது முதல் சங்கடம். ஆண் வேலை செய்தால் ஒரு நாள், பெண் வேலை செய்தால் அரை நாள் என்று சங்கத்தில் வைத்திருந்தார்கள். ஊர் முழுக்கக் கூலி அப்படித்தான் இருந்தது, அதனால் தலைவருக்கு அது அநியாயமாகத் தோன்றவே இல்லை. அத்தனை நேர்மையான மனிதருக்கு! எங்கள் குடும்பத்தின் பங்கு வாரத்துக்கு வாரம் பின்தங்கிக்கொண்டே போனது.  அம்மா சாப்பாட்டு நேரத்திலும் உட்காராமல் நின்றுகொண்டே தின்றுவிட்டுச் சட்டியைத் தூக்கினாள்.

தெருக்கோடியில் இருந்த மனையை யாரும் தொடாமலே விட்டிருந்தார்கள். அது ஏன் என்று சொல்கிறேன். நகராட்சி கொடுத்த வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காகிதத்தில் தெரு என்பது வெறும் கோடு. சுண்ணாம்புத் தூள் போட்டுத் தரையில் வரைந்த அன்றைக்குத்தான், சங்கம் கூலிக்கு வைத்திருந்த மேஸ்திரி தெருவின் தொடக்கத்தில் போய் நின்று பார்த்தார். இரண்டு பக்கமும் மனைகள். நடுவில் தெரு நேராகப் போய்க் கடைசி மனையின் வாசலில் முட்டி நிற்கிறது. அதற்குப் பின்னால் கால்வாய், அதனால் தெருவைத் திருப்ப வழியில்லை. மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "தெருக்குத்து" என்றார்.

நம் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? தெருவில் வருகிற கெட்டதெல்லாம் நேராகப் போய் அந்த வாசலில் குத்தும். குடியிருக்கிறவன் தேறமாட்டான். குமணன்சாவடியில் அப்படி ஒரு வீட்டில் இருந்த குடும்பம் என்ன ஆனது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் அப்படி ஒரு சொந்தக்காரர் இருந்தார். சீட்டில் அந்த வீடு நமக்கு விழுந்துவிட்டால் என்ற பயம் மற்ற வீடுகளின் வேலையையே கெடுத்தது. இரண்டு பேர் சங்கத்தை விட்டே போகிறோம் என்றார்கள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தெருக்குத்தில் பிள்ளையாரை வைத்துவிட்டால் குத்து அவரோடு போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மனையில் வீடே வேண்டாம், பிள்ளையார் கோயில் கட்டிவிடலாம். ஆனால் மனைக்கு ஒரு குடும்பம் என்று கணக்கு. பிள்ளையாருக்கு ஒன்று போனால் ஒரு குடும்பம் வெளியே போக வேண்டும். எந்தக் குடும்பம்? யாருடைய பங்கு பின்தங்கியிருக்கிறதோ அந்தக் குடும்பம். தலைவர் எங்கள் லைன் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்று, அடுத்த சங்கம் ஆரம்பித்தால் முதல் இடம் உங்களுக்குத்தான் என்றார்.  அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆத்திரமாக இருக்கிறது. அப்பா கையைத் துண்டுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு, "பரவால்ல சார்" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அதே வாரம் வீட்டுக்கார அம்மா வந்து, மகனுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, தைக்குள் அறையைக் காலி செய்து கொடுங்கள் என்றாள். பட்ட காலிலே படும் என்பதை நான் அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அம்மா வழக்கம்போல என்னையும் இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நமக்குத்தான் வீடு இல்லையே என்று கேட்டேன். நட என்றாள்.

பிள்ளையார் வந்துவிட்டார். முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கல் பிள்ளையார். கடைசி மனையின் நடுவில் செங்கல் மேடை போட்டு, மேலே நாலு கீற்று வைத்து உட்கார வைத்தார்கள். மற்ற வீடுகளின் வேலை மளமளவென்று நடந்தது. குத்தகை ஒப்பந்தத்தில் ஒவ்வொரு மனையிலும் வீடு இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது எல்லோருக்கும் தெரியும். தலைவரே இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார். ஆனால் பிள்ளையாரை எடுங்கள் என்று எந்த அதிகாரி சொல்வான்? அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்காதா? இதுதான் எங்கள் பெரியவர்களின் ராஜதந்திரம்.

புரட்டாசிக் கடைசியில் நகராட்சி ஓவர்சியர் பார்வையிட வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை. ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே தெருக்கோடிக்கு வந்தார். எல்லோரும் பின்னாலேயே வந்து நின்றோம். அவர் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். தோப்புக்கரணம் போட்டார், அவசரமில்லாமல். விபூதியை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "சாமி இருக்கட்டும். வீடு எங்க?" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் கோபப்படவே இல்லை. பொங்கலுக்குள் இந்த மனையில் கூரையோடு ஒரு வீடும் அதில் குடியிருக்கிற ஆட்களும் இல்லையென்றால், குத்தகை ரத்தாகிவிடும், தெரு முழுக்க நகராட்சிக்குத் திரும்பிவிடும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

செங்கல் அடுக்குகளின் மேல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வானம் கருத்துக்கொண்டு வந்தது. யார் அந்த வீட்டில் இருப்பது என்று தலைவர் கேட்டார்.  சீட்டில் சேர்த்தால் சீட்டையே எடுக்கமாட்டோம் என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். அப்போது அம்மா கலவைச் சட்டியைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டைத் தனக்குக் கொடுங்கள் என்றாள்.

நீங்கள் என்ன நினைப்பீர்கள், அப்பாடா என்று எல்லோரும் கொடுத்திருப்பார்கள் என்றுதானே? இல்லை. ஆளாளுக்கு மறுத்தார்கள். கை போன மனிதன், பச்சைப் பிள்ளைகள். அவர்களைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் பாவம் நம்மைச் சும்மா விடுமா என்றார்கள். வீடே இல்லாமல் எங்களை வெளியே அனுப்பியபோது வராத பாவம், வீடு கேட்டபோது வந்துவிட்டது. தலைவர் எழுந்து வந்து அம்மாவிடம் இறங்கிய குரலில் சொன்னார். "தங்கச்சி, ஏற்கெனவே வீட்டுக்காரருக்கு இப்படி ஆயிடுச்சு. அங்க போய் இன்னும் ஏதாவது ஆச்சுன்னா நாங்க எப்படித் தாங்குவோம்?"

அம்மா அவரை நேராகப் பார்த்தாள். "லைன் ஊட்ல எந்தத் தெருவும் வந்து குத்தல அண்ணாத்தே. அங்க இருக்க சொல்லவே கை பூட்ச்சு. இந்த ஊட்ட எனக்குக் குடு. வந்தா எனக்கு வரட்டும்."

பிள்ளையாரை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். "அவரு ஓரமா குந்தட்டும்" என்றாள். யாரும் தொட முன்வரவில்லை. அவளே போய், அவரை மேடையிலிருந்து எடுத்து, இடுப்பில் பிள்ளையை வைப்பதுபோல வைத்துக்கொண்டு வந்து, மனையின் மூலையில் கால்வாய்ப் பக்கமாக இறக்கினாள். முதல் மழைத்துளி அப்போதுதான் விழுந்தது என்று சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். மழை மறுநாள்தான் வந்தது.

அன்றிலிருந்துதான் அம்மா பயமற்றவள் ஆனாள். நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். சாமி பயம்கூட இல்லாதவள் என்று சில பெண்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள்.

மேஸ்திரி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மத்தது இன்னா வேணா செய்றேன். நூலு மட்டும் நான் கட்ட மாட்டேன்மா. மொத நூலு கட்றவன் மேலதான் குத்து உழும்." அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுவார்கள், வீட்டின் முதல் வேலை அதுதான். அம்மா நூற்கண்டை வாங்கினாள். மேஸ்திரி தெருவில் தள்ளி நின்று, இழு, இன்னும் இழு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முளையில் முடிச்சுப் போட்டாள்; அவிழ்ந்துவிட்டது. மறுபடி போட்டாள்; மறுபடி அவிழ்ந்தது. அவள் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நூற்கண்டை என் கையில் கொடு, நான் கட்டுகிறேன் என்று கேட்டேன். பட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள், வலிக்கும்படி. அழுகை வந்துவிட்டது எனக்கு. மழையில் குளிர் என்று பிற்பாடு சமாதானம் சொன்னாள். நூல் கட்டி முடிந்ததும் மேஸ்திரி நிம்மதியாகப் பீடி பற்றவைத்துக்கொண்டு உள்ளே வந்தார். குத்துக்குச் சொந்தக்காரி கிடைத்துவிட்டாள் அல்லவா.

அந்த ஐப்பசியை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் ஈரமாக இருக்கிறது. தோண்டிய பள்ளத்தில் ராத்திரி பெய்த மழை காலையில் குளமாக நிற்கும். சோற்றுக் குண்டான்களால் இறைப்போம். தவளைகள் எங்களை வேடிக்கை பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் மற்ற வீடுகளில் பூச்சு வேலை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். வார நாட்களில், அவர்கள் ஷிப்டுக்குப் போன பிறகு, பெண்கள்தான் வந்தார்கள். முதலில் வந்தது தையல்கார அக்கா. அவளும் பயந்துதான் வந்தாள்; முந்தானை முனையில் ஒரு எலுமிச்சம்பழத்தை முடிந்துகொண்டு செங்கல் தூக்கினாள். மறுநாள் வந்தவர்கள் இடுப்பிலும் எலுமிச்சம்பழம். செங்கல் கை மாறும்போதெல்லாம் ஒரு பழம் அவிழ்ந்து உருளும். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் அதைத் தேடுவார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தை நான் அதற்குப் பிறகு எந்தக் கட்டட வேலையிலும் கேட்டதில்லை. அரை ஆள் என்று எழுதப்பட்டவர்கள் கட்டின சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்தபோது, தலைவர் ஒரு நாள் ஷிப்டு முடிந்து நேராக வந்து, சட்டையைக் கழற்றி ஒரு கம்பியில் மாட்டிவிட்டு, கலவை கிளற ஆரம்பித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆண்களும் வந்தார்கள். நெற்றி நிறைய விபூதியோடு.

சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தூக்குக் குண்டு அப்பா செய்தது. விரல்கள் இருந்த காலத்தில் தொழிற்சாலைப் பித்தளைத் துண்டில் கடைந்தது. அதை அவர் இடது கையில் பிடித்துக்கொண்டு, ஆடாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் குண்டு எப்போது எங்கே தொலைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. இந்த வாரம்கூட அலமாரியில் அதைத்தான் தேடினேன் என்று நினைக்கிறேன்.

மார்கழி முடிவதற்குள் சிமெண்டு ஷீட் கூரை ஏறிவிட்டது. கதவுக்குத்தான் மரம் இல்லை. எஸ்டேட்டுக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த பெட்டிகளின் பலகைகளை அப்பா முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். அதில் கதவு செய்தார்கள். எங்கள் வாசற்கதவில் ஒரு குடைப் படம், ஒரு கண்ணாடிக் கோப்பைப் படம், மேல்நோக்கி இரண்டு அம்புகள். ஒரு பலகையைத் தலைகீழாக அடித்துவிட்டதால் ஒரு அம்பு மட்டும் கீழே பார்க்கும். என் தம்பி அதைப் பார்த்துத்தான் படம் வரையக் கற்றுக்கொண்டான்.

மார்கழியில் யாரும் புது வீட்டுக்குப் போகமாட்டார்கள்; ஆனால் கெடு பொங்கல் என்பதால் போகிக்கு முந்தின நாளே பால் காய்ச்சினோம். பால் பொங்குவதற்கு முன்பே அம்மா சுருக்குப் பையைத் திறந்து, அந்தப் பழைய ஆணியை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. ஈரம் காயாத சுவரில் செங்கல்லால் அடித்தாள். காலண்டரை மாட்டினாள். அப்பா குனியாமல் தேதி பார்த்தார். ஓவர்சியர் குடையோடு வந்தபோது அடுப்பில் புகை வந்துகொண்டிருந்தது. யார் குடியிருப்பது என்று கேட்டார். நான்தான் சார் என்றாள் அம்மா. அவர் மூலையில் இருந்த பிள்ளையாரைத் தேடிப் போய்க் கும்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் போனார். தெரு பிழைத்தது. மற்றவர்கள் பொங்கலன்று சீட்டு எடுத்துக்கொண்டார்கள்.

இத்தோடு நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல பேச்சு. செயலாளர் பையன் கை தட்டுவான்.

எங்கள் வீட்டில் முன்னறை ஒன்று, பின்னால் சமையலோடு சேர்ந்த அறை ஒன்று. அப்பாவும் நாங்களும் பின்னறையில்தான் படுக்க வேண்டும். அடுப்புச் சூடு, கால்வாய்க் கொசு. அம்மா மட்டும் முன்னறையில், வாசற்கதவை ஒட்டி, குறுக்காகப் பாயை விரித்துப் படுப்பாள். ஏன் என்று கேட்டால் இங்கேதான் காத்து வருது என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காத்து வருகிற இடத்தில் பெற்ற பிள்ளைகளைப் படுக்க வைக்காமல் தான் படுத்துக்கொள்கிற தாய் எங்கே உண்டு? அவளுக்குக் கொஞ்சம் சுயநலம் என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் அவளுக்கு முன்பே போய் அந்த இடத்தில் பாயைப் போட்டுவிட்டேன். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து உள்ளே கொண்டுபோய் விட்டாள். தெருமுனையில் லாரி திரும்பினால் அவள் எழுந்து உட்காருகிற சத்தம் கேட்கும். சைக்கிள் மணி அடித்தாலும் எழுந்திருப்பாள். நிம்மதியாகத் தூங்கத் தெரியாத பெண்மணி என்று அப்பா கேலி செய்வார்.

கெட்டது எதுவும் நடக்கவில்லை. தம்பி படித்தான், எனக்குக் கல்யாணம் ஆயிற்று, அப்பா வயதாகித்தான் போனார். பிள்ளையாரின் மகிமை என்றார்கள். தெருவில் எந்தப் பந்தல் போட்டாலும் எங்கள் வாசல்தான் மேடை. சீமை ஓடு, பிறகு கான்கிரீட், பிறகு மேல்மாடி என்று வீடு மாறியது. படம் போட்ட கதவு போய்த் தேக்குக் கதவு வந்தது, இரும்புக் கிரில் வந்தது. மின்விசிறி உள்ளறையில்தான் இருந்தது. அம்மா அப்போதும் காத்து என்று சொல்லிக்கொண்டு கதவோரம் குறுக்கேதான் படுத்தாள். அடைத்த கதவில் என்ன காத்து? பேரப்பிள்ளைகள் அவளைத் தாண்டக் கூடாதென்று சுற்றிச் சுற்றி வருவார்கள். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

கடைசியில் அவளைப் பூந்தமல்லி சாலையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். படுக்கையில் அவளால் இருக்கவே முடியவில்லை. ஊசிக் குழாயைப் பிடுங்குவாள், காலைக் கீழே போடுவாள், வீட்டுக்குப் போகணும் என்பாள். வலி என்று நினைத்து நர்ஸ் ஊசி போட்டாள். ஒரு மத்தியானம், நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாசல்ல யாரு படுத்துகினு கீறாங்க?" என்றாள்.

என்னம்மா என்றேன்.

"நான் இங்க கீறேன். அங்க வாசல்ல யாரு படுத்துகினு கீறாங்க? தெரு தொறந்து கெடக்குதே."

ஆரஞ்சுச் சுளை என் கையிலேயே இருந்தது. அந்தத் தெருவில் குத்தை எல்லோரையும்விட அதிகமாக நம்பினவள் இவள்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நாள் விடாமல் பயந்திருக்கிறாள். வருகிறது எதுவானாலும் எங்களிடம் போவதற்கு முன் தன்மேல் பட்டுவிட வேண்டும் என்று, அத்தனை வருடமும் கதவுக்கும் எங்களுக்கும் நடுவில் கிடந்திருக்கிறாள். என் கையிலிருந்து நூற்கண்டைத் தட்டிவிட்டதும் அதற்குத்தான். காற்றாவது, ஒன்றாவது.

அவளைச் சமாதானப்படுத்த வேண்டுமே. நான்தாம்மா படுக்கிறேன், நீ கவலைப்படாதே என்றேன்.

அவள் பிடி இறுகியது. அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பாய் போட்ட அன்று என்னை இழுத்துக்கொண்டுபோன அதே கோபம்.

"நீ வேணாம். நீ உள்ள போயி படு. நான் வந்துர்றேன்" என்றாள்.